நூறு சுற்று, மூன்று நிமிடம்

மனைவி நோராவுக்கு முகவலி நின்றுபோன சந்தோஷத்தில்தான் பால்ராஜ், ரெக்கார்டு போடுகிற அந்த டர்ன்டேபிளை வாங்கினான்.

வலி அதற்கு முந்தைய டிசம்பரில் தொடங்கியது. பல் துலக்கும்போதும், ஸ்கூட்டரில் போகையில் எதிர்க்காற்று படும்போதும், சில சமயம் சும்மா பேசும்போதும்கூட வலது கன்னத்தில் ஷாக் அடிப்பதுபோல இரண்டு மூன்று நொடி. பல் டாக்டர் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். பல் போனது, வலி போகவில்லை. ஜனவரி கடைசியில் நரம்பு டாக்டர் சுந்தரமூர்த்தியிடம் போனார்கள். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை, இந்த நரம்பு வலிக்கும் கேட்கும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வலி நின்றது. ஒரு வாரம் கழித்து அளவை இரண்டு மடங்காக்கினார்.

“மூணு மாசம் சாப்பிடுங்க. தேவைப்பட்டா அப்பறம் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்,” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்காத மாதிரி நோரா எழுந்து வந்துவிட்டாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பெண்கள் கான்வென்ட் ஒன்றில் இசை டீச்சர். காக்ஸ் டவுன் பங்குக் கோவிலில் பாடற்குழுவை நடத்துவதும் அவள்தான். எந்த ஒலியைக் கேட்டாலும் அது என்ன ஸ்வரம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பஸ் ஹாரன், குக்கர் விசில், கீழே விழுந்த கரண்டி எல்லாமே அவளுக்கு ஒரு பெயரோடுதான் காதில் விழும். யாரும் கற்றுக் கொடுத்ததல்ல. சிவப்பைப் பார்த்தால் சிவப்பு என்று தெரிவதற்குப் பாடம் வேண்டாம், அப்படித்தான் இதுவும். மகள் மலர் சின்னவளாக இருந்தபோது டம்ளரைத் தட்டித் தட்டி அம்மாவுக்குப் பரீட்சை வைப்பாள். இப்போது அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள்.

பள்ளிக்கு யாரோ வீட்டைக் காலி செய்யும்போது இருநூறு எல்.பி. ரெக்கார்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். போட்டுக் கேட்கக் கருவி இல்லாமல் அவை இரும்பு அலமாரியில் கிடந்தன. இதை நோரா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். பால்ராஜுக்கு டென்சிலைத் தெரியும். ஒரு ஹோட்டலின் டான்ஸ் ஹாலில் எட்டு வருடம் ரெக்கார்டு போட்டவர் டென்சில், ஹோட்டல் சி.டி.க்கு மாறியதும் இரண்டு டர்ன்டேபிள்களையும் அவரிடமே கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“பெல்ட் கிடையாது, மேன்,” என்றார் டென்சில். “மோட்டார் மேலயே தட்டு உக்காந்திருக்கு. டைரக்ட் டிரைவ். பெல்ட்னா தளரும், ஸ்பீடு மாறும். இதுல அந்தத் தலைவலியே இல்ல.”

பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, அவற்றில் ஒன்று வீட்டுக்கு வந்தது. நோரா ஒரு பியானோ ரெக்கார்டைப் போட்டாள். முதல் நிமிடத்திலேயே முகம் சுளித்தாள்.

“ஆடுதுங்க. சுருதி மேலயும் கீழயும் போகுது பாருங்க.”

பால்ராஜ் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்தான். கோலார் தங்கவயல்காரன். அளந்து பார்க்காத எதையும் நம்ப மாட்டான். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தான். கனமான அலுமினியத் தட்டைத் தூக்கினால் அடியில் வட்டமான காந்தம், நடுவில் மோட்டார். ஓரத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஸ்லைடர்; மைனஸ் எட்டிலிருந்து பிளஸ் எட்டு வரை கோடு போட்டிருந்தது. அதன் இடுக்கெல்லாம் எட்டு வருடத்துச் சிகரெட் சாம்பலும் அழுக்கும். கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, ஸ்லைடரை முப்பது நாற்பது தடவை மேலும் கீழும் தேய்த்தான். முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து என்று வேகம் மாற்றும் பட்டன்களுக்கும் அதே வைத்தியம்.

ஆட்டம் நின்றுவிட்டது. பால்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

“ஆட்டம் போயிடுச்சு,” என்றாள் நோரா. “ஆனா மெதுவாச் சுத்துது.”

“எவ்ளோ மெதுவா?”

“அரைக் கட்டை கீழ. உறையில ஏ மேஜர்னு போட்டிருக்கு பாருங்க. எனக்கு ஏ ஃப்ளாட்டாக் கேக்குது.”

இன்னும் மூன்று ரெக்கார்டுகளைப் போட்டார்கள். எல்லாமே உறையில் அச்சிட்டிருந்ததற்கு அரைக் கட்டை கீழே கேட்டது. பால்ராஜ் காகிதத்தில் கணக்குப் போட்டான். அரைக் கட்டை என்றால் நூற்றுக்கு ஆறு. ஆறு சதவீதம் வேகம் குறைந்தால் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்றான்.

கண்டுபிடிக்க அந்தக் கருவியிலேயே வழி இருந்தது. தட்டின் விளிம்பைச் சுற்றிலும் வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு நியான் விளக்கு. வேகம் சரியாக இருந்தால், தட்டு சுற்றினாலும் அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அசையாமல் நிற்கிற மாதிரித் தெரியும். மெதுவானால் பின்னால் நகரும், வேகமானால் முன்னால் நகரும். இருவரும் குனிந்து பார்த்தார்கள். புள்ளிகள் முன்னால் ஊர்ந்தன.

“வேகமாச் சுத்துதுன்னு இது சொல்லுது. நீ மெதுவான்னு சொல்றே,” என்றான் பால்ராஜ்.

“எனக்குக் கேக்கறதைத்தான் சொல்றேன்.”

மறுநாள் விடிகாலையில் அவன் மறுபடி போட்டுப் பார்த்தான். ஊர்வது குறைந்திருந்தது, முழுதாக நிற்கவில்லை. ஃபேக்டரிக்குப் போய்வந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. நியான் விளக்கு மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்பக் கண்சிமிட்டுகிறது. நொடிக்கு ஐம்பது இருக்க வேண்டிய துடிப்பு, சாயங்காலம் ஊர் முழுக்க விளக்குப் போடும்போது நாற்பத்தெட்டுச் சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஃபேக்டரி மீட்டரிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“மோட்டாருக்கு உள்ள, கடியாரத்துல இருக்கற மாதிரி, குவார்ட்ஸ் இருக்குது. அதுக்குக் கரன்ட்டோட துடிப்பு வேணாம். விளக்குக்குத்தான் வேணும். தப்புக் காட்டறது விளக்கு.”

“அப்ப அந்தப் புள்ளிய நம்பக்கூடாது,” என்றாள் நோரா, அவன் முடிப்பதற்குள். அவ்வளவு அவசரமாக ஏன் சொன்னோம் என்று அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

“நம்பக்கூடாது. கடியாரம் வெச்சு எண்ணணும். நிமிஷத்துக்கு முப்பத்துமூணும் மூணுல ஒரு பங்கும் சுத்தணும். அப்ப மூணு நிமிஷத்துக்கு நூறு சுத்து. நூத்தி எம்பது செகண்ட். நீ சொல்ற மாதிரி அரைக் கட்டை கம்மின்னா நூத்தித் தொண்ணூத்தொண்ணு ஆவணும். பதினோரு செகண்ட் வித்தியாசம் எங்கயும் ஓடிடாது.”

எண்ண உட்காரும்போது கரன்ட் போயிற்று. மறுநாளிலிருந்து அவனுக்கு இரண்டாம் ஷிப்டு; எண்ணிப் பார்க்கும் வேலையை நோராவிடம் விட்டான்.

அந்த வாரம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. தவக்காலத்தில் பாடற்குழு ஆர்கன் இல்லாமல்தான் பயிற்சி செய்யும். முதல் ஸ்வரத்தை நோரா வாயாலேயே பாடிக் காட்டுவாள். இத்தனை வருடத்தில் அது தப்பியதில்லை. அடுத்த வார வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் ரெமிஜியஸ் தயங்கித் தயங்கி வந்தான். தபால் ஆபீஸில் வேலை. குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவன்.

“மிஸ், தப்பா நெனைக்காதீங்க. இந்த வருஷம் எல்லாப் பாட்டையும் கொஞ்சம் மேல எடுக்கறீங்க. மேல்குரல் பாடற சோப்ரானோ பொண்ணுங்களுக்குக் கழுத்து நரம்பே பொடைக்குது. போன வாரம் பாடினத அப்படியே மனசுல வெச்சுக்கினு போய் வீட்ல கிட்டார்ல பாத்தேன். அரைக் கட்டை ஜாஸ்தி இருக்குது.”

“தவக்காலம்தானே ரெமிஜியஸ், கொஞ்சம் கஷ்டப்படட்டும்,” என்று நோரா சிரித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. உலகத்து ஒலியெல்லாம் ஒருத்திக்கு அரைக் கட்டை கீழே கேட்டால், அவள் பாடும் பாட்டும் அவளுக்குக் கீழேதான் கேட்கும். அதைச் சரிக்கட்ட அரைக் கட்டை மேலே பாடுவாள். கணக்கு அத்தனை நேராக வந்து பொருந்தியது. ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாழாய்ப்போன மெஷினைத் தினமும் கேட்டுக் கேட்டுக் காது கெட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். மெஷின் மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகத்தான் சுற்ற வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் பால்ராஜ் ஷிப்டுக்குப் போனதும் நோரா கதவைத் தாழிட்டாள். பள்ளி பி.டி. டீச்சரிடம் ஸ்டாப்வாட்ச் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ரெக்கார்டு நடுவில் இருக்கும் வட்டக் காகிதத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒட்டினாள். ஸ்லைடரைச் சரியாக நடுவில் வைத்தாள். தட்டு சுற்றத் தொடங்கியது. துண்டுக் காகிதம் ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் விரல்நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. ஒன்று, இரண்டு என்று உதடு அசைய எண்ணினாள்.

அறுபதுக்கு மேல் போனபோது ஸ்டாப்வாட்சைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.  நூற்றித் தொண்ணூறு காட்டட்டும், மாதாவே, நூற்றித் தொண்ணூறு காட்டட்டும். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. அழுத்தினாள்.

நூற்றி எண்பதே கால்.

மறுபடி எண்ணினாள். நூற்றி எண்பது. ஊசியின் பாரத்தால் வேகம் குறையலாமே என்று, ரெக்கார்டின் மேல் ஊசியையும் இறக்கிவிட்டு மூன்றாம் தடவை எண்ணினாள். பியானோ அவள் காதில் ஏ ஃப்ளாட்டில் ஓடிக்கொண்டிருக்க, கடிகாரம் நூற்றி எண்பதில் வந்து நின்றது. பழைய மெஷின், அழுக்குப் பிடித்த மெஷின், அது சரியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், தட்டினால் ஏ ஸ்வரம் மட்டும் ஒலிக்கிற ஒரு ட்யூனிங் ஃபோர்க் எப்போதும் இருக்கும். வயலின் வகுப்புக்காக வைத்திருப்பது. இரண்டு வாரமாக அதை எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வகுப்பில், “நீங்களே ட்யூன் பண்ணிப் பழகுங்க,” என்று பிள்ளைகளிடம் விட்டிருந்தாள். எடுக்காமல் இருந்ததற்குக் காரணமும் இப்போது தெரிந்தது.

முழங்காலில் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தாள். ஏ என்று பொறித்த இரும்பு. அதற்குக் கரன்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். தளர்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஏ ஃப்ளாட் கேட்டது.

நோரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரலும்கூட அரைக் கட்டை இறங்கித்தான் இருந்திருக்கும். அவளுக்கு எப்படித் தெரியும். 

அவள் அப்பா சாலமன் தங்கவயல் சுரங்கத்தில் டைம் கீப்பர். ஒரு நாள் காலையில் டீயில் மண்ணெண்ணெய் நாறுகிறது என்றார். டீயை மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் நாறியது. ஒரு மாதத்துக்கு எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். பிறகு பெயர்கள் மறந்தன. பிறகு முகங்கள். மூளையில் கட்டி என்று டாக்டர்கள் சொன்னபோது அவருக்கு மகளையே தெரியவில்லை. எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். நோராவுக்கு அப்போது பத்தொன்பது. மலருக்கு இப்போது பத்தொன்பது.

இரவு பால்ராஜ் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். “எண்ணினியா?”

“எண்ணினேன். நூத்தித் தொண்ணூறு. மெதுவாத்தான் சுத்துது,” என்றாள் நோரா. கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் அவனிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த பத்து நாள் பால்ராஜ் இல்லாத கோளாறைத் தேடினான். ஷிப்டுக்குப் போவதற்கு முன் சால்டரிங் அயர்னைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போய்க் கெப்பாசிட்டர்கள் வாங்கி வந்து மாற்றினான். மோட்டாரின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். டென்சிலுக்குப் போன் செய்து சண்டைகூடப் போட்டான். நோரா சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அது உண்மையாகிவிடும். அடுத்து ஸ்கேன், ஆஸ்பத்திரி, தலையை மொட்டையடித்து ஒரு கட்டில். அப்பாவுக்கு நடந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

தினமும் தன்னைத்தானே சோதித்துக்கொண்டாள். காலை டீயைக் குடிப்பதற்கு முன் முகர்ந்து பார்த்தாள். ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு அதன் நாற்பத்தாறு பெயர்களையும் ஒப்பித்தாள். ஒரு நாள் ஸ்ரீரஞ்சனி என்ற பெயர் உடனே வரவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கண்ணாடி முன் சிரித்து, வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்த்தாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டாள். பாடற்குழுவுக்கு, தொண்டை சரியில்லை என்று ரெமிஜியஸைச் சொல்லச் சொல்லிவிட்டாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு மாலை. பால்ராஜுக்கு அன்று முதல் ஷிப்டு; நாலு மணிக்கே வீட்டில் இருந்தான். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் அவனுடைய வாட்ச்.

“நோரா, நூத்தி எம்பதுதான் வருது.”

அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“நாலு தடவ எண்ணிட்டேன். கெப்பாசிட்டர் மாத்தினதால சரியாச்சோன்னு பழசயே திரும்பப் போட்டும் எண்ணினேன். அப்பவும் நூத்தி எம்பது. நீ எப்படி எண்ணினே?”

“நானும் சரியாத்தான் எண்ணினேன்,” என்றாள் நோரா. “எனக்கும் நூத்தி எம்பதுதான் வந்தது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோர்க்கை, ரெமிஜியஸ் சொன்னதை, அப்பாவின் டீயை. மாவு காய்ந்த கைகளை முன்னால் நீட்டிக்கொண்டே சொன்னாள்.  பால்ராஜின் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வாட்சை மேசையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான்.

“பத்து நாளா நீ ஒண்டியா இத வெச்சுக்கினு இருந்தியா?”

“சொல்லப் பயமா இருந்துச்சுங்க.”

“எனக்கும்தான் பயமா இருக்குது இப்போ,” என்றான் பால்ராஜ். “ஃபேக்டரில ஒரு மெஷின் திடீர்னு அளவு தப்பிப் போட்டுச்சுன்னா, நாங்க மொதல்ல கேக்கறது ஒண்ணுதான். கடைசியா எப்ப சரியா இருந்துச்சு? அதுக்கும் இன்னிக்கும் நடுவுல இன்னா மாறிச்சு? உனக்குக் கடைசியா எப்ப சரியாக் கேட்டுச்சு?”

“டர்ன்டேபிள் வந்ததுலேர்ந்துதான்...”

“அது வந்ததுக்கு முன்னாடி. நல்லா யோசி.”

அவள் யோசித்தாள். ஜனவரி இருபத்தாறு, குடியரசு தினம். மாணவிகளின் பேண்டு மைதானத்தில் வாசித்தது. பி ஃப்ளாட்டில் வாசிக்க வேண்டியதை பி ஃப்ளாட்டில்தான் கேட்டாள்; ஒரு பெண் மட்டும் கொஞ்சம் விலகி ஊதினதுகூட ஞாபகம் இருந்தது. அதில் சந்தேகமில்லை.

“இருவத்தாறுலேர்ந்து எட்டாந்தேதிக்குள்ள,” என்றான் பால்ராஜ். “அதுக்குள்ள வீட்ல புதுசா வந்தது இன்னா?”

இருவரும் ஒரே சமயத்தில் ஃபிரிட்ஜின் மேல் இருந்த டப்பாவைப் பார்த்தார்கள். மாத்திரைப் பட்டைகள் அதில்தான் இருந்தன.

“வலிக்குச் சாப்பிடற மாத்திரை காதை என்னங்க பண்ணும்?”

“தெரியல. காலைல போய்க் கேப்போம்.”

அந்த இரவு நோரா தூங்கவில்லை. முன்பு பயம் மட்டும் இருந்தது. இப்போது அதோடு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டு இன்னும் மோசமாக இருந்தது.

டாக்டர் சுந்தரமூர்த்தி சிரிக்கவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “எங்கிட்ட யாரும் இப்படி வந்து சொன்னதில்லம்மா,” என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பக்க விளைவுல காது சம்பந்தமா ஒரு வரி இருக்கு. சுருதி வித்தியாசமாத் தெரியலாம்னு போட்டிருக்கான். ரொம்ப அபூர்வமாம். ஆனா யோசிச்சுப் பாத்தா, உங்க அளவுக்குத் துல்லியமா ஸ்வரம் தெரியற பேஷன்ட் எனக்கு வந்ததில்ல. மத்தவங்களுக்கும் அரைக் கட்டை இறங்கியிருக்கலாம். அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது.”

“அப்ப கட்டி இல்லயா டாக்டர்?”

“மாத்திரைதான் காரணம்னு எனக்குத் தோணுது. தோணறதை வெச்சு உங்களை அனுப்ப முடியாது. உங்க அப்பா விஷயத்த மொதல் நாளே சொல்லியிருக்கணும். எம்.ஆர்.ஐ. எடுத்துடுவோம். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். வலி திரும்ப வரலாம். வேற ஒண்ணு தர்றேன், அது இந்த அளவுக்குக் கேக்காது.”

ஸ்கேனுக்கு நாலாம் நாள்தான் இடம் கிடைத்தது. நகையெல்லாம் கழற்றி பால்ராஜின் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் குழாய்க்குள் படுத்தாள். மூக்குக்கு நேராகக் கூரை. மெஷின் தட்டத் தொடங்கியது. ஒரே ஸ்வரத்தில் டக்டக்கென்று அடித்து, நின்று, வேறு ஸ்வரத்தில் அடித்தது. பயத்தில் மூச்சு மேலேறும்போதெல்லாம் அந்தத் தட்டலின் ஸ்வரம் என்னவென்று பார்த்து, அதற்கு அரைக் கட்டை கூட்டிச் சொல்லிக்கொண்டாள். கூட்டியது சரிதானா என்று கேட்க அங்கே யாருமில்லை. வெளியே வந்தபோது அவள் நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது.

ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள்.  கவரைப் பிரித்த டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். நோரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கட்டி எதுவும் இல்ல. ஒரு சின்ன ரத்தக்குழாய், முகத்துக்கு உணர்ச்சி தர்ற நரம்பை ஒட்டிப் போகுது. உங்க வலிக்குக் காரணம் அதுதான். வேற ஒண்ணும் இல்ல.”

பால்ராஜ் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். டாக்டர் சொன்னார்.

மாத்திரை குறையத் தொடங்கியது. காது திரும்புகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு வழி கண்டுபிடித்தவன் பால்ராஜ். தினமும் காலையில் அந்த பியானோ ரெக்கார்டைப் போடுவான். நோரா கண்ணை மூடிக்கொள்வாள். அவன் ஸ்லைடரை மெல்ல நகர்த்துவான். தன் காதுக்கு ஏ மேஜர் கேட்கிற இடத்தில் அவள் “போதும்” என்பாள். முதல் நாள் பிளஸ் ஆறு. நாலு நாள் அங்கேயே நின்றது; அவளுக்குப் பழைய பயம் தலைகாட்டியது. படத்தில் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டார்களோ என்றுகூட நினைத்தாள். ஐந்தாம் நாள் ஐந்தரை. அப்புறம் நாலு. குருத்து ஞாயிறன்று ஒன்றரை.

அதே வாரத்தில் வலியும் திரும்பியது. புதன்கிழமை காலையில் பல் துலக்கும்போது கன்னத்தில் அடித்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி போனதும் வாயைத் துடைத்துக்கொண்டு ரெக்கார்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்று ஒன்று.

ஈஸ்டர் காலைப் பூசைக்குப் பாடற்குழுவின் முன் அவள்தான் நின்றாள்.  வாழ்க்கையில் முதல்தடவையாக, தன் குரலை நம்பாமல், ஆர்கன்காரரைப் பார்த்து ஸ்வரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்தது, அவள் மனதில் இருந்ததுதான். 

மே மாத லீவுக்கு மலர் வந்தாள். அம்மா இடது பக்கமாகவே மெல்லுவதையும், வெளியே கிளம்பினால் கன்னத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொள்வதையும் இரண்டு நாள் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் கேட்டாள். நோரா நடந்ததைச் சொன்னாள். மலர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“தாத்தாவுக்கு அப்படி ஆச்சுன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஸ்கேன் எடுத்தது, ரிப்போர்ட் வந்தது, ஒண்ணும் சொல்லல. நான் இங்க என்ன விருந்தாளியாம்மா?”

“பரீட்சை நேரம்டி. பயப்படுவேன்னு...”

“பயப்பட்டுட்டுப் போறேன். நீ ஒண்டியாப் பயப்படறதுக்கு அது மேல்.”

நோரா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கன்னத்தில் வலி அடித்தது. இரண்டு நொடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். எதிரில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண் திறந்தபோது மலர் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். எங்கே தொடுவது என்று தெரியாமல், கையை அம்மாவின் தோள்மேல் பட்டும் படாமலும் வைத்திருந்தாள்.

“இப்ப வந்ததா?”

“வந்துச்சு,” என்றாள் நோரா. “போயிடும்.”

“எத்தன தடவ ஒரு நாளைக்கு?”

சின்னதாக்கிச் சொல்லத்தான் நோராவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் பால்ராஜ் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏழு, எட்டு,” என்றாள். “காத்தடிச்சா இன்னும் ஜாஸ்தி. அறுவை சிகிச்சை பண்ணலாம்னு டாக்டர் சொல்றாரு. நெனைச்சாலே எனக்குப் பயமா இருக்கு, மலர்.”

மலர் நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அது என்ன அறுவை சிகிச்சை, எங்கே செய்வார்கள், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். நோரா தெரிந்தவரை சொன்னாள்.